ரெண்டு மணி அடிச்சா இறக்கு

ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள என் வீட்டு டிவியை என் வீட்டிலிருந்தே திருடிடறதுன்னு முடிவு பண்ணேன்.

சிரிக்காதீங்க. சொந்த வீட்ல சொந்தப் பொருளைத் திருடற யோகம் எல்லாருக்கும் வாய்க்காது. அதுக்குக் கல்யாணம் ஆகியிருக்கணும்.

என் பேர் தசரதன். ராமாயணத்துத் தசரதனுக்கு மூணு பொண்டாட்டி. எனக்கு ஒண்ணே ஒண்ணு, பார்வதம்மா. கைகேயி பாக்க வேண்டிய வேலையையும் சேத்து அவளே பாத்துக்கறா. தங்கவயல் கோரமண்டல்ல பழைய மைன்ஸ் லைன்ல வீடு. ஒரே கூரை, வரிசையா வீடுங்க, நடுவுல பேருக்கு ஒரு சுவர். நான் இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கத்து வீட்டு சிரில் 'நூறு வயசு'ம்பான். விடியறதுக்கு முன்னாடி ரயில் ஏறி பெங்களூர் போய், இருட்டினப்புறம் திரும்பி வந்து, அப்படியே என் வாலிபம் முழுக்க ரயில்லயே போயிடுச்சு. இப்போ ரிட்டையர்டு. மிச்ச வாழ்க்கையை டிவி முன்னாடி உக்காந்து கழிக்கலாம்னு ஒரு சின்ன ஆசை. அதுலதான் குண்டு விழுந்தது.

டிவின்னா இப்போ சுவத்துல அப்பளம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கே, அது இல்லை. அதையும் எங்க பொண்ணு ஸ்வப்னா போன தீபாவளிக்கு வாங்கி மாட்டிட்டுத்தான் போயிருக்கா. நான் சொல்றது என் டப்பா டிவி. முன்னாடி முகம் இருக்கும், பின்னாடி முதுகு வளந்துக்கிட்டே போகும். ஒரு ஆள் தூக்கினா ஆள் போயிடுவான். என் பழைய சிடி பிளேயரோட சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரை மாட்ட அதுல மட்டும்தான் ஓட்டை இருக்கு. அப்பளத்துல இல்லை. எங்கிட்ட இருக்கறது ஒரே ஒரு படத்தோட சிடி. அந்தப் படத்துக்காகத்தான் இவ்வளவு பெரிய டிவி.

இங்கிலீஷ் யுத்தப் படம். லேபிள் என்னைக்கோ தேஞ்சு போச்சு. எங்க வீட்ல அதுக்குப் பேர் 'பாலம் படம்'. ஒரு ஊர், ஒரு ஆறு, ஒரே ஒரு பாலம். எதிரிப் படையில ஆறு பேர் பால்காரன் வேஷத்துல ஊருக்குள்ள வந்து, பால் கேன்ல வெடிமருந்து கொண்டு வந்து பாலத்துக்கடியில கட்டறானுங்க. எதிரிதான். ஆனா பாருங்க, பாக்கப் பாக்க நம்ம மனசு அவன் பக்கமே போயிடும். அவங்க கேப்டன் நடக்கற நடை என்ன! கண்ணாலயே உத்தரவு போடற தோரணை என்ன! ஊரைக் காக்கறவன் ஒரு குண்டு ஜெனரல். எந்நேரமும் சூப் குடிச்சிக்கிட்டே இருப்பான். ஒரு கட்டத்துல காவலுக்கு நிக்கறவனுங்களையே கூப்பிட்டு, 'குளிருது, போய் காபி சாப்பிடுங்க'ன்னு அனுப்பிடுவான். அப்பேர்ப்பட்ட மடையன்.

கடைசியில கேப்டன் பனியில படுத்துக்கிட்டு வெடிக்கற கட்டையில கையை வைப்பான். அழுத்துவான். அவ்வளவுதான். அங்க சிடியில கீறல். படம் நின்னுடும். கேப்டன் கை அந்தரத்துல, என் உயிரும் அந்தரத்துல. அதுக்கு மேல நான் பாத்ததே இல்லை. பாத்தா என்ன, பாக்காட்டி என்ன, பாலம் தூள் தூளாப் போயிருக்கும். அந்தக் கேப்டன் தோப்பானா?

பார்வதம்மா சமையல் கட்டிலிருந்து எட்டிப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவா.

"அந்தக் குண்டு ஜெனரல் மூஞ்சிய பாத்தா முட்டாளாட்டம் தெரிலியே."

"உனக்கு யுத்தம் பத்தி இன்னா தெரியும்?"

"எனக்குத் தெரியாதுங்க. உங்களைக் கட்டிக்கினு இத்தினி வருஷம் வாழ்ந்தது மட்டும் தெரியும்."

இப்படி ஒரு வாய்.

சரி, குண்டு எங்க விழுந்ததுன்னு சொல்றேன். பார்வதம்மா ஜாக்கெட் தைக்கறா. காலால மிதிக்கற பழைய மிஷின். முட்டி வலிக்குது, பவர் மிஷின் வாங்கப் போறேன், ஜன்னலோரம் போடணும்னா. எங்க வீட்ல வெளிச்சம் வர்ற ஒரே இடம் அந்த ஜன்னலோரம். அங்கதான் என் டிவி மகாராஜா மாதிரி உக்காந்துக்கிட்டு இருக்கு.

"அதை எடுத்து வெளிய போடுங்க"ன்னா.

"என் இடுப்பு"ன்னேன்.

என் இடுப்பைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும். மூணு வருஷம் முன்னாடி ஒரு பிடிப்பு வந்தது. டாக்டர், 'ஒரு வாரம் கனம் தூக்காதீங்க'ன்னார். நான் வாரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கிட்டேன். அன்னையிலிருந்து குழாய்ல தண்ணி வர்ற நாள்ல குடம் தூக்கறது பார்வதம்மா. அரிசி மூட்டை இறக்கறது பார்வதம்மா. கேஸ் சிலிண்டர் உருட்டறது பார்வதம்மா. நான் பக்கத்துல நின்னு 'பாத்து, பாத்து'ன்னு சொல்லுவேன். அதுவும் ஒரு உழைப்புதான்.

பழைய சாமான் எடுக்கற குஜிரிக்காரன் சம்பங்கியைக் கூப்பிட்டா. அவன் வாசல்ல நின்னபடியே டிவியைப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். "அக்கா, இது பொணம் கனம் கனக்கும். வெளிய கொண்டாந்து வண்டியில வெச்சா எட்த்துக்கினு போறேன். உள்ள வந்து தூக்க மாட்டேன்"னுட்டுப் போயிட்டான். நல்ல பையன். அதோட பிரச்சினை முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

வியாழக்கிழமை நான் தூங்கற மாதிரி படுத்திருந்தேன். பார்வதம்மா சமையல் கட்டுல போன்ல பேசறா. ரகசியக் குரல். எங்க வீட்ல ரகசியக் குரல்னா தெரு முனை வரைக்கும் கேக்கும்.

"சம்பங்கி, திங்கக்கிழமை காலைல ரெண்டு ஆளைக் கூட்டிகினு வா. அவரு அப்ப ரேஷன் கடைக்குப் போயிருப்பாரு. சத்தமில்லாம தூக்கிடு. அவருக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா அழுவாரு."

எனக்கு ரத்தம் கொதிச்சது. அழுவேனா? நானா? கண்ணைத் தொடச்சிக்கிட்டு எழுந்தேன். நேரா சிரில் வீட்டுக்குப் போனேன்.

சிரிலும் நானும் ஒரே ஸ்கூல், ஒரே ரயில், ஒரே ரிட்டையர்மெண்ட். அவனுக்கும் ஒரு ஜூடித் இருக்கா. அதனால நான் முழுசாச் சொல்ல வேண்டியதே இல்லை, பாதியிலேயே அவனுக்குக் கண் கலங்கிடுச்சு.

"இன்னாடா பண்லாம்?"

"திங்கக்கிழமைக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை அவ மகளிர் சங்கத்து மீட்டிங் போறப்ப, நாமே கடத்திடணும். உன் வீட்டுப் பின்னாடி ஷெட் கீதில்ல? அதுல வெச்சு தினமும் சாயங்காலம் பாக்கலாம். அவ கேட்டா, எவனோ திருடிட்டான்னு நான் தரையில புரண்டு அழறேன்."

"வாசல் வழியா எப்பிடிடா கொண்டாருவ? ரெபேக்கா அக்கா உக்காந்துகினு இருக்குமே."

உண்மை. எதிர் வீட்டு ரெபேக்கா அக்கா ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாசப்படியில பூண்டு உரிக்க உக்காந்தா எழுந்துக்காது. பூண்டு தீந்தாலும் கண்ணு தீராது. கொல்லையிலிருந்து சந்துக்குப் போற கதவு சாவியோ பார்வதம்மா இடுப்புல.

அப்போதான் கேப்டன் எனக்கு வழி காட்டினான். பால்காரன் ஊர் கேட் வழியா வந்தான், ஆனா வெடிமருந்தைப் பாலத்துக்கு மேலிருந்து கயிறு கட்டித்தானே இறக்கினான்? எங்க கொல்லையில வேப்பமரம் இருக்கு. அதோட கிளை பின் சுவரைத் தாண்டி சந்துப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும். கிளையில கிணத்து ராட்டினம் மாட்டணும். டிவியைக் கட்டணும். சுவத்துக்கு அந்தப் பக்கம் இறக்கணும். சந்துல சிரில் தண்ணி கேன் தள்ற வண்டியோட நிப்பான்.

"நீ மரத்தாண்ட நின்னு கயிறு விடுவ. உனக்குச் சந்து தெரியாது. சுவரு மறைக்கும். நான் கத்தினா ஊரே கேக்கும். எப்பிடிடா?" சிரில் கேட்டான்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். ரெண்டு பேரும் மைன்ஸ் வீட்டுப் பசங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அது வந்தது.

"மணி!"

மைன்ஸ் குழிக்குள்ள கேஜ்ங்கற கூண்டுல ஆளை இறக்கறப்ப, கயித்தைச் சுத்தி விடற வைண்டிங் இன்ஜின் ஓட்டறவனுக்குக் குழி தெரியாது. ஷாஃப்ட் வாசல்ல, அதாவது குழி வாயில, மணி அடிப்பாங்க, அதைக் கேட்டுத்தான் ஓட்டுவான். ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டு அடிச்சா இறக்கு. மூணு அடிச்சா ஆள் இருக்கு. சிரிலோட அப்பா அந்த இன்ஜின் ஓட்டினவர். அவர் வீட்லயும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பாராம், மணி சொன்னதைச் செய், நீயா யோசிக்காதேன்னு. சிரில் சைக்கிள் மணி ஒண்ணைக் கழட்டிக்கிட்டு வந்தான். ராத்திரி நான் சந்தோஷத்துல தூங்கலை.

"இந்த மணி பாஷை உன் வீட்ல தெரியாதில்ல?" சிரில் கேட்டிருந்தான்.

"அவளுக்கு இன்னாடா தெரியும்? எங்க மாமனார் மைசூர் மைன்ஸ்ல முப்பது வருஷம் ஷாஃப்ட் வாசல்ல சும்மா நின்னவரு. உள்ளயே இறங்கினதில்ல. நிக்கறதுக்கு சம்பளம் வாங்கின ஒரே மனுஷன்."

ரெண்டு பேரும் சிரிச்சோம். இப்போ யோசிச்சா அங்க சிரிச்சிருக்கக் கூடாது.

ஞாயித்துக்கிழமை. சாப்பாடு முடிஞ்சது. பார்வதம்மா சேலை மாத்திக்கிட்டு வந்தா.

"இன்னாங்க, நான் சங்கத்துக்குப் போறேன். வர நேரமாவும். மதியம் நல்லாத் தூங்குங்க. கொல்லையில துணி கட்ட புதுக் கயிறு வாங்கிப் போட்டிருக்கேன், நல்ல கெட்டிக் கயிறு. யாரும் எடுத்துக்கினு போயிடப் போறாங்க, பாத்துக்கோங்க."

கயிறு! நான் கயித்துக்குத்தான் காலையிலிருந்து அலைஞ்சுக்கிட்டு இருந்தேன். என் வாழ்க்கையில அவ எனக்கு உதவி பண்ண முதல் தடவை, அதுவும் தெரியாம. பாவமா இருந்தது. யுத்தத்துல பாவம் பாக்க முடியுமா?

அவ போனதும் சிரில் வந்தான். கையில ஒண்ணும் இல்லாம, சட்டை மடிப்பு கலையாம, பெரிய மனுஷன் மாதிரி வாசல் வழியாவே வந்தான். ரெபேக்கா அக்கா பூண்டிலிருந்து கண்ணை எடுத்துப் பாத்துட்டுத் திரும்பவும் பூண்டுக்குப் போயிடுச்சு.

ஒயரைப் பிடுங்கினோம். டிவிக்கு ரெண்டு பக்கமும் நின்னு, "ஏசுவே"ன்னான் சிரில். "முருகா"ன்னேன் நான். எந்தச் சாமி தூக்கினாரோ, மேஜையிலிருந்து இறங்கி ஹால் நடுவுக்கு வந்தது. போர்வையைப் போட்டு மூடினோம். மூச்சு வாங்கினோம்.

வாசல் கேட் கிறீச்.

பார்வதம்மா செருப்புச் சத்தம். எனக்கு அது தூக்கத்துலயும் தெரியும்.

சிரில் பாத்ரூமுக்குள்ள பாய்ஞ்சான். நான் தடால்னு தரையில விழுந்து, ஒரு கையால இடுப்பைப் பிடிச்சிக்கிட்டேன். டிவியோட ஒயர் இன்னும் என் கால்ல சுத்திக்கிட்டு இருக்கு. போர்வையை இழுத்து அதை மூடினேன். மூடினா டிவியோட மூலை தெரியுது. திரும்ப இழுத்தேன். கால் தெரியுது. காலை மடக்கினேன்.

"குடை மறந்துட்டேன். அய்ய, இன்னாங்க தரையில?"

"இடுப்பு."

"ஐயோ பாவமே. இத்தினி வேத்துப் போயிருக்கீங்க?"

"வலி."

அவ ஹால் நடுவுல வந்து நின்னா. போர்வை மூடின டிவிக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு முழம் இல்லை. அவ அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்தா. என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னா. இடுப்புல தேச்சா. தேச்சா, தேச்சா, தேச்சிக்கிட்டே இருந்தா. வலி இல்லாத இடுப்புல அவ்வளவு அழுத்தித் தேச்சா எப்படி எரியும்னு நீங்க ஒரு நாள் தேச்சுப் பாருங்க. பாத்ரூமுக்குள்ள சிரிலுக்கு இருமல் வர்ற மாதிரி ஒரு சத்தம். நான் உடனே "அம்மா!"ன்னு கத்தினேன்.

"ரொம்ப வலிக்குதா?"

"ரொம்ப."

"தோள்லயும் கொஞ்சம் போட்டுட்றேன். பிடிச்சிக்கினா கஷ்டம்."

தைல பாட்டிலை வைக்க இடம் தேடினா. டிவி மேல வெச்சா. போர்வைக்கு மேல. ஒரு நொடி கையை அங்கயே வெச்சிருந்தா. அப்புறம் குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா.

"தூங்குங்க. எதுக்கும் அவசரப்படாதீங்க. மெதுவா செய்ங்க."

மெதுவாத் தூங்கறதா? என்னமோ சொல்றா. கேட் கிறீச்சுனு மூடினதும் சிரில் வெளிய வந்தான். முகம் நீலமா இருந்தது.

"வாணாம்டா தசரதா. கன்னடத்துலயும் சொல்றேன், பேடா. விட்டுட்றா. ஜூடித்துக்குத் தெரிஞ்சா என்னை வீட்ல சேக்க மாட்டா."

"சிரில், கேப்டன் பாதி பாலத்துல திரும்பினானா?"

"அவனுக்குக் கல்யாணம் ஆவலடா!"

நியாயம்தான். ஆனா என் கண்ணைப் பாத்து சிரில் வாயை மூடிக்கிட்டான். டிவியைக் கொல்லைக்குக் கொண்டு போனோம். துணி துவைக்கற கல்லு மேல ஏத்தினோம். அங்கிருந்து சுவத்து மேல. அந்தப் புதுக் கயித்தால தீபாவளி பார்சல் மாதிரி நாலா பக்கமும் கட்டி, கிளையில ராட்டினம் மாட்டி, கயித்தை அதுல கோத்து, வால் பக்கத்தை வேப்பமரத்தடியில ரெண்டு சுத்து சுத்தி நான் பிடிச்சிக்கிட்டேன். சத்தியமாச் சொல்றேன், எங்க அப்பா பாத்திருந்தா என்னை அன்னைக்கே மைன்ஸ்ல சேத்திருப்பார்.

சிரில் முன்வாசல் வழியா வெளிய போய், சுத்திக்கிட்டு சந்துக்கு வந்தான். அவன் வந்ததும் டிவியிலிருந்து சந்துப் பக்கம் தொங்கவிட்டிருந்த இன்னொரு கயித்தைப் பிடிச்சு லேசா இழுத்தான். டிவி சுவத்து விளிம்பைத் தாண்டிச்சு. கிளை ஒரு ஆட்டம் ஆடிச்சு. கயிறு விறைச்சது. அந்தப் பக்கம் என் டிவி அந்தரத்துல தொங்குது. எனக்குத் தெரியறது வெறும் சுவர்.

டிங் டிங்.

இறக்கினேன். ஒரு சாண். இன்னொரு சாண்.

டிங்.

நிறுத்தினேன். கை எரியுது. உள்ளங்கையில வேர்வை. கயிறு வழுக்கப் பாக்குது. மரத்துல சுத்தின சுத்துதான் என்னைக் காப்பாத்துது. ரெட்டை மணிக்குக் காத்திருந்தேன். வரலை.

திடீர்னு டிங் டிங் டிங். மூணு!

ஆள் இருக்கு. யாரோ வந்துட்டாங்க. யாரு? நான் அசையலை. இலை விழற சத்தம் கேக்குது. சந்துல செருப்புச் சத்தம், ஒண்ணு இல்லை, ரெண்டு மூணு ஜோடி. குசுகுசுன்னு பேச்சு. யாரோ ஒரு பொம்பளைக் குரல், உடனே அமுங்கிடுச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்லை. விட்டா டிவி நொறுங்கிடும். பிடிச்சா நான் நொறுங்கிடுவேன். படத்துல கேப்டன் பாலத்துக்கடியில தொங்கறப்ப மேல ரோந்துக்காரன் நடந்து போவான் பாருங்க, அந்தக் கட்டம். அதை நான் நூறு தடவை பாத்திருக்கேன். அதுல கேப்டனுக்கு மூக்கு அரிக்கலை. எனக்கு அரிச்சது.

டிங் டிங்.

அப்பாடா! ஆபத்து போயிடுச்சு. இறக்கினேன்.

டிங். நிறுத்தினேன். டிங் டிங். இறக்கினேன். ஒண்ணு சொல்லணும், அந்த மூணு அடிக்கறதுக்கு முன்னாடி சிரில் அடிச்சது குழந்தை கிலுகிலுப்பை ஆட்டற மாதிரி இருந்தது. இப்போ அடிக்கறது அளந்து வெச்ச மாதிரி. ஒவ்வொரு மணியும் தனியா, சுத்தமா, சந்தேகமே இல்லாம. பயத்துல மனுஷனுக்குத் திறமை வந்துடுது பாருன்னு சிரிலை மனசார மெச்சிக்கிட்டேன். மணி சொன்னதைச் செய், நீயா யோசிக்காதே. நான் யோசிக்கவே இல்லை.

டிங் டிங். டிங் டிங். டிங்.

கயிறு தளந்தது. டிவி உக்காந்துடுச்சு. வண்டி உருளற சத்தம். சிரில் வண்டி ஏன் இப்படிக் கிறீச்சிடுதுன்னு ஒரு நொடி தோணிச்சு. விட்டுட்டேன்.

ஜெயிச்சுட்டேன்! துண்டால முகத்தைத் தொடச்சிக்கிட்டு, கேப்டன் நடை நடந்து, ரெபேக்கா அக்காவுக்கு ஒரு வணக்கம் கூட வெச்சுட்டு, லைனைச் சுத்திச் சந்துக்கு வந்தேன்.

சந்துல சிரில் இல்லை. சிரில் வண்டி காலியா நிக்குது. சந்துக் கோடியில சம்பங்கி இன்னொரு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போறான். அது மேல என் டிவி, போர்வையோட, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போகுது.

சுவத்தோரம் பார்வதம்மா நிக்கறா. ஒரு கையில சைக்கிள் மணி. இன்னொரு கையில சம்பங்கி கொடுத்த பிளாஸ்டிக் மக்கு. என் டிவிக்கு விலை அதுதான்.

அவளே பேசினா.

"நல்லா இறக்கினீங்க. சும்மா சொல்லக் கூடாது. ஒரு கீறல் இல்ல."

"சிரில்?"

"ஜூடித் கூட்டிகினு போயிட்டா. சூடா கேக்கு சுட்டு வெச்சிருந்தா. பாவம் அண்ணன், ரொம்ப நேரமா பாத்ரூம்ல நின்னுகினு இருந்தாரில்ல? கதவாண்ட செருப்பை வுட்டுட்டு உள்ள போயிருந்தாரு."

"மணி... மணி உனக்கு எப்பிடி..."

"எங்கப்பா ஷாஃப்ட் வாசல்ல முப்பது வருஷம் இன்னா பண்ணிகினு நின்னாருன்னு நெனச்சீங்க?"

நிக்கறதுக்கு சம்பளம் வாங்கின மனுஷன். ஷாஃப்ட் வாசல்ல நிக்கறவன்தான் மணி அடிக்கறவன். மைன்ஸ்ல பொறந்து வளந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். மாமனார்ன்ற ஒரே காரணத்துக்காக அவரைப் பத்தி யோசிக்காம விட்டுட்டேன்.

"நாங்க சின்ன வயசுல வீட்ல கூப்பிட்றதே மணியிலதான். தட்டுல ஒண்ணு தட்டினா பேச்சை நிறுத்தணும். மூணு தட்டினா ஆளு வந்துகீது, டம்ளர் எடுன்னு அர்த்தம்."

"அப்ப திங்கக்கிழமை? சம்பங்கி ரெண்டு ஆளோட..."

"அவன் எங்க வர்றேன்னான்? வெளிய வெச்சாத்தான் எடுப்பேன்னு சொன்னவன் சொன்னவன்தான். அன்னிக்கு நான் போன்ல பேசவே இல்லீங்க. சும்மா காதுல வெச்சுகினு பேசினேன். உங்க இடுப்பு எழுந்துக்கறதுக்கு வேற வழி தெரில. அப்புறம் நீங்க அண்ணன் வீட்ல போட்ட திட்டமெல்லாம் சுவத்து வழியாவே கேட்டுச்சு."

கயிறு. குடை. தைலம். ஒவ்வொண்ணா என் தலையில இறங்குது.

"தைலம் எதுக்குத் தேச்ச?"

"பின்ன? அவ்ளோ கனத்தைத் தூக்கப் போறீங்க. நிஜமாவே பிடிச்சிக்கினா யாரு பாக்கறது?" இதைச் சொல்றப்ப மட்டும் அவ குரல் கொஞ்சம் இறங்கிச்சு. எனக்குக் கோவம் வரணும். வரலை. அதுதான் எனக்கு ரொம்பக் கோவம்.

"என் படம் போச்சே பார்வதி. இனிமே எதுல பாப்பேன்?"

"ஸ்வப்னா முழுப் படத்தையும் ஒரு குச்சியில ஏத்திக் குடுத்துட்டா. புது டிவியில சொருகினா ஓடும். நீங்க பாக்காத முடிவும் அதுல கீது. நான் பாத்துட்டேன்."

"முடிவா? சொல்லாத! சொல்லாத பார்வதி!"

"பாலம் இருந்தா எதிரி டாங்கி எல்லாம் ஊருக்குள்ள வந்துடும். ஒடைக்கணும், ஆனா ஜெனரலாண்ட வெடிமருந்து இல்ல. அப்பதான், தங்களோட டாங்கி வர்ற வழி அதுன்னு தெரியாம, ஜெனரலுக்கு உதவிப் படை வந்துடும்னு அதை ஒடைக்க பால்காரனுங்க வர்றானுங்க. பாத்ததுமே அவருக்குத் தெரிஞ்சுடுது. காவலை அனுப்பிட்டு சூப் குடிச்சிகினே உக்காந்துட்டாரு. அவனுங்களே கஷ்டப்பட்டு ஒடைச்சுக் குடுத்தானுங்க. நான் அப்பவே சொல்லல, அந்த மூஞ்சி முட்டாளாட்டம் இல்லன்னு?"

எத்தனையோ வருஷமாக் காத்துக்கிட்டிருந்த முடிவு. சந்துல, சாக்கடை ஓரமா, மக்கை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடிச்சுட்டா.

"சரி வாங்க. வாசலுக்கு வண்டி வந்திருக்கும்."

"இன்னா வண்டி?"

"பவர் மிஷின். இரும்பு டேபிளோட வருது. இறக்கி வெச்சுட்டுப் போறேன், உள்ள தூக்க மாட்டேன்னு கடைக்காரன் சொல்லிட்டான். நானும் பரவால்ல, எங்க வீட்ல ஆள் கீதுன்னுட்டேன்."

வாசல்ல மிஷின் நிக்குது. ரெபேக்கா அக்கா பூண்டுத் தட்டோட எழுந்து நிக்குது. அது எழுந்து நின்னதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். பக்கத்து வீட்டு வாசல்ல சிரில், மீசையில கேக் தூளோட, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்து ஒரு பக்கம் பிடிச்சான். நான் இன்னொரு பக்கம். இடுப்புன்னு சொல்ல வாயைத் திறந்தேன். லைனே என்னைப் பாத்துக்கிட்டு இருந்தது. மூடிக்கிட்டேன்.

"மச்சான், மன்னிச்சுட்றா. நான் மூணு அடிச்சேனே"ன்னான் சிரில் மெதுவா.

"தூக்குடா."

படியேறி, ஹாலைக் கடந்து, ஜன்னலோரம் வந்தோம். மேஜையைப் பார்வதம்மா அதுக்குள்ள ஓரம் தள்ளியிருந்தா, இடம் காலி. வெயில் நல்லா விழுது. சொன்னா வெக்கக்கேடு, அந்த இடத்துல இவ்வளவு வெளிச்சம் வரும்னு எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது. டிவி முதுகு மறைச்சுக்கிட்டு இருந்திருக்கு. பார்வதம்மா கையில மணியோட ஜன்னல் கம்பி பக்கத்துல நின்னு, கண்ணைச் சுருக்கி அளவு பாத்தா.

"நாளைக்குக் குழாய்ல தண்ணி வுடுவாங்க. குடத்தையெல்லாம் வெளக்கி வெச்சுட்டேன்"னா, எங்கிட்டத்தான்.

பதில் சொல்ல நான் வாயெடுத்தேன்.

டிங்.

நிறுத்திட்டேன்.

டிங் டிங்.

இறக்கினேன்.